பாடகர் குழுவுக்கு ஒரு தரிசனம்

பிரிட்டோ சபைப் பாடகர்களின் ஆராதனைக் குழுவுக்குத் தலைவரானது இசை ஞானத்தால் என்று யாராவது சொன்னால் அவரே சிரித்துவிடுவார். முன்பு தலைவராக இருந்தவருக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. போகிற அவசரத்தில் சபையின் கீபோர்டை யார் வீட்டிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பிரிட்டோவின் வீடு தரைத்தளத்தில் இருந்தது. கீபோர்டு இருக்கும் வீட்டில்தான் பாட்டுப் பயிற்சி; பயிற்சி நடக்கும் வீட்டுக்காரர்தான் தலைவர். இப்படித்தான் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

அவருக்குக் கொல்கத்தாத் துறைமுகத்தில் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடி. பிறப்பால் கத்தோலிக்கர், மஹிமாவைக் கட்டியபின் அவளுடைய சபைக்கே வந்துவிட்டார். ஜாதவ்பூர் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ச் சபையில் துறைமுகம், ரயில்வே, வங்கி என்று மாற்றலில் வந்தவர்கள் பாதி, மாற்றலுக்குக் காத்திருப்பவர்கள் மீதி. ஆண்களின் மேல்குரலான டெனருக்கு ஒரு நல்ல குரல் தேறி வருகிறது என்று சந்தோஷப்படும்போதே அதன் சொந்தக்காரருக்குக் குவஹாத்திக்கு ஆர்டர் வந்துவிடும்.

எந்த ஆர்டரும் வராமல் நிலைத்து நின்றவர் லீதியாள் அக்கா மட்டும்தான். நாசரேத் பக்கத்துக்காரர். கொல்கத்தாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூப்பிட்டுப் பழகிய ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். நாலு குரலாகப் பிரித்துப் பாடும்போது மற்ற மூன்று குரல்களும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறும்.

அந்த லீதியாள் அக்காவும் கிளம்பப்போகிறார் என்பது ஜூன் மாதம் தெரிந்தது.

“மக நாகர்கோவிலுக்கே வந்துரச் சொல்லுதா, தம்பி. முட்டி வேற மாடி ஏற விடமாட்டேங்கு. துர்கா பூஜைக் கூட்டம் ஆரம்பிக்கதுக்கு முந்தி டிக்கெட் போட்டாச்சு” என்றார் பயிற்சி முடிந்ததும். “போறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம நாலு கொரலும் சேந்து அந்தப் பழைய சாயங்காலப் பாட்டப் பாடிரணும். அங்க போனா மக வீட்டுல டிவிதான் பாடும்.”

“இதுக்கென்னக்கா, பாடிருவோம்” என்றார் பிரிட்டோ.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சபைச் செயலாளர் எபனேசர் பிரிட்டோவைத் தனியாக அழைத்துப்போனார். எபனேசர் ஒரு பெரிய நிறுவனத்தில் பெர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் மேனேஜ் செய்வதிலிருந்து ஓய்வு பெறவில்லை. அந்தக் கோடையில் சிலிகுரியில் நடந்த தலைமைத்துவப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்திருந்தார். அங்கே அவருக்குத் தோளில் மாட்டும் பை ஒன்றையும் ‘தரிசனம்’ என்ற சொல்லையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பையின் ஜிப் ஒரே வாரத்தில் போய்விட்டது. சொல் நன்றாக உழைத்தது.

“மிஸ்டர் பிரிட்டோ, உங்க தரிசனம் என்ன?”

தன்னைப்பற்றி யாரோ எதையோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்றே பிரிட்டோ நினைத்தார்.

“நான் ஒண்ணும் பாக்கலியே சார்.”

“அதான் பிரச்சினை. தலைவர்னா பாக்கணும். நீங்க பாத்தாத்தான் குழு பாக்கும், குழு பாத்தாத்தான் சபை பாக்கும். அடுத்த கமிட்டிக்குள்ள உங்க தரிசனத்த எழுதிக் கொண்டாங்க.”

அன்று மத்தியானம் பிரிட்டோவுக்குச் சோறு இறங்கவில்லை.

“எங்க ஊர்ல காட்சின்னா மாதா ஆடு மேய்க்கிற பிள்ளைகளுக்குக் குடுக்கிறது. அதுக்கும் மலை வேணும், குகை மாதிரி கெபி வேணும். துறைமுகத்துல கன்டெய்னர் எண்ணுறவனுக்கு எப்படிம்மா வரும்?” என்றார் மஹிமாவிடம்.

“அந்தத் தரிசனம் இல்லீங்க. இது ஆபீஸ் தரிசனம்” என்றாள் மஹிமா. “நீங்க மோரை ஊத்திச் சாப்பிடுங்க.”

மகள் மேக்னா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறவள். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். “தூர், அப்பா!” என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். “விஷன் ஸ்டேட்மெண்ட் கேக்கறார். எங்க டிபார்ட்மெண்ட் வாசல்லகூட ஒண்ணு மாட்டி வெச்சிருக்காங்க.”

“அப்படியா? என்ன போட்டிருக்கு அதுல?”

“தெரியாது. அதுக்கு மேல மெஸ் நோட்டீஸ் ஒட்டியிருக்கு.”

பிரிட்டோ உட்கார்ந்து யோசித்தார். யோசித்து, ‘ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரத்துக்கு வந்து சுருதி சேர்ந்து பாட வேண்டும்’ என்று எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, இதுவே நடக்குமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த அளவுக்குப் பெரிய கனவு அது.

கமிட்டியில் எபனேசர் அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ஆசை. தரிசனம் இல்ல.”

“‘எல்லாரும்’னா யார் யாரு? வரையறை இல்லையே” என்றார் ஓர் உறுப்பினர்.

“சுருதி சேரணும்கிறார். அப்ப இப்ப சேரலைன்னு ஒத்துக்கறாரா? இது வெளிய போனா சபைக்குக் கெட்ட பேரு” என்றார் இன்னொருவர்.

“இவ்வளவு சுலபமா புரியற ஒண்ணு தரிசனமா இருக்க முடியாது” என்றார் எபனேசர். “சிலிகுரியில எங்களுக்கு ஒரு தரிசனத்தக் காட்டினாங்க. மூணு தடவ படிச்சேன், புரியல. அப்படியே சிலிர்த்துப்போச்சு.”

போதகர் ஆசீர்வாதம் பொதுவாக எல்லாரோடும் ஒத்துப்போகிறவர். மழை வரும் என்பவரிடம் ஆமாம் என்பார். வராது என்பவரிடமும் ஆமாம் என்பார். “ரெண்டும் சரிதான்” என்றார் இப்போது, எந்த இரண்டு என்று சொல்லாமல்.

முடிவில் தீர்மானம் நிறைவேறியது. ஆராதனைக் குழுவுக்குத் தரிசனம் கிடைக்கும்வரை அது பாடக் கூடாது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் வண்டியை எடுக்கலாமா என்று எபனேசர் கேட்டார். வண்டி ஒவ்வொரு வாரமும் போய்க்கொண்டுதானே இருந்தது என்று பிரிட்டோவுக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

அதன்பிறகு சனிக்கிழமைப் பயிற்சிகள் தரிசனக் கூட்டங்களாக மாறின. கீபோர்டு துணி போர்த்தப்பட்டுக் கிடந்தது. அதன் மேல்தான் வடைத் தட்டை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு, செயலாளரின் கைபேசியிலிருந்து ஸ்பீக்கர் வழியாக வந்தது. முதல் வாரம் இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் நடுவில் ஒரு பெண் குரல் வங்காளத்தில், உங்கள் முடி உதிர்கிறதா என்று உருக்கமாகக் கேட்டது. சபையார் தலை குனிந்தபடியே நின்றார்கள். பின்வரிசையில் பழக்கத்தில் ஒருவர் ஆமென் என்றார்.

ஒரு மாதமாகியும் தரிசனம் பிடிபடாததால் நிபுணர் ஒருவரை அழைத்தார்கள். வெங்கடநாராயணன் எபனேசரோடு ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக, தமிழர்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டில் இருக்கிறது. ஓய்வு பெற்றபின் நிறுவனங்களுக்குத் தரிசனம் எழுதித் தருவதே அவருடைய தொழில். லேக் மார்க்கெட்டில் ஓர் ஓட்டலின் மாடி அறையில் கூட்டம் நடந்தது. கீழேயிருந்து சாம்பார் வாசனை ஏறி வந்துகொண்டேயிருந்ததால் எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள்.

“நான் மறைக்கலை. பாட்டுன்னா எனக்குக் கச்சேரியோட சரி. உங்க ஆராதனை பத்தி ஒண்ணும் தெரியாது” என்று வெங்கடநாராயணன் கை கூப்பிக்கொண்டே ஆரம்பித்தார். “ஆனா தரிசனம்ங்கறது பாருங்கோ, எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பிஸ்கட்டுக்கும் அதான், ஆஸ்பத்திரிக்கும் அதான். போன மாசம்கூட ஒரு சிமெண்ட் கம்பெனிக்குப் பண்ணிக் குடுத்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டா.”

பிறகு எல்லாருக்கும் மஞ்சள் சீட்டுகளைக் கொடுத்தார்.

“முதல் கேள்வி. உங்க வாடிக்கையாளர் யாரு?”

“ஆண்டவரு” என்றார் லீதியாள் அக்கா.

“பேஷ். நல்ல பதில். அவர்கிட்டேர்ந்து ஃபீட்பேக் வாங்க ஏதாவது ஏற்பாடு இருக்கா?”

எல்லாரும் போதகரைப் பார்த்தார்கள். “ஜெபம் பண்றோம்” என்றார் போதகர்.

“அது இங்கேர்ந்து அங்கே போறது. அங்கேர்ந்து?”

போதகர் ஜன்னல் வழியே டிராம் கம்பியைப் பார்த்தார்.

“பரவாயில்லை, பரவாயில்லை. அது ஒரு இடைவெளி. குறிச்சுப்போம்” என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார் வெங்கடநாராயணன். “அடுத்தது, போட்டியாளர்கள்?”

“பூஜைப் பந்தல் லவுட்ஸ்பீக்கரு” என்றார் லீதியாள் அக்கா. “ஐயா, ஒண்ணு கேக்கட்டா? இதெல்லாம் முடிஞ்சப்பறம் பாடுவோமா, இல்ல இதே போதுமா?”

“அது செயல்படுத்தும் கட்டம்மா. இன்னும் நாம அங்கே வரலை.”

பத்து நாளில் தரிசனம் வந்து சேர்ந்தது. கமிட்டி எழுந்து நின்று அதைக் கேட்டது. ‘இன்னும் பத்து ஆண்டுகளில் கிழக்கிந்தியாவின் மிக நம்பகமான, விரைவில் இறுகும், விரிசல் விடாத, ஈரப்பதத்தைத் தாங்கும் ஆராதனையை ஒவ்வொரு இல்லத்துக்கும் கொண்டுசேர்ப்போம்.’

“விரிசல் விடாத ஆராதனை” என்றார் எபனேசர். “என்ன வார்த்த, பாஸ்டர்!”

“ஆழமா இருக்கு” என்றார் போதகர்.

“சார், அது சிமெண்ட்டு” என்றார் பிரிட்டோ. “அவரு அந்தக் கம்பெனிக்கு எழுதினதுல பேர மட்டும் மாத்தியிருக்காரு.”

எபனேசர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். “மிஸ்டர் பிரிட்டோ, இருக்கட்டுமே. சிமெண்ட்டு என்ன பாவமா? நீங்க உக்காந்திருக்கிற கட்டடமே சிமெண்ட்டுதானே.”

அடுத்த ஞாயிறு போதகர் சிமெண்டைப்பற்றியே பிரசங்கித்தார். தனித்தனி மணலாகிய நாம், ஜல்லியாகிய நம் குடும்பங்கள், நம்மைப் பிணைக்கும் அன்பு என்று விளக்கி, நீர் ஊற்றி நனைக்காவிட்டால் என்னவாகும் என்று கேட்டு நிறுத்தினார். நன்றாகவே இருந்தது. மழைக்காலத்தில் கீபோர்டு கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கொல்கத்தாவில், ஈரப்பதத்தைத் தாங்கும் என்ற ஒரு வாசகமாவது உபயோகமானதுதான் என்று பிரிட்டோவும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

தரிசனம் வந்துவிட்டதே, இனிப் பாடலாம் என்றுதான் குழுவில் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் தரிசனத்தை அப்படியே விட முடியாதாம். அதற்கு ஒரு சின்னம் வரைய வேண்டும். அதை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்க வேண்டும். மேலிடத்திலிருந்து பெரியவர் ஒருவரை அழைத்து வெளியிட வேண்டும். அவருக்குப் பூஜை விடுமுறைக்குப் பிறகுதான் தேதி இருந்தது.

பிரிட்டோ எபனேசர் வீட்டுக்கே போனார். கரியாஹாட் கடைத்தெருவில் பூஜைக்குத் துணி எடுக்கும் கூட்டத்தில் இடிபட்டு, சட்டை கசங்கி, வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார்.

“சார், லீதியாள் அக்காவுக்குத் திங்கக்கிழமை வண்டி. இந்த ஞாயிறுதான் கடைசி. ஒரே ஒரு பாட்டு. நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

எபனேசர் கெட்டவர் இல்லை. பிரிட்டோவை உட்காரவைத்து, மின்விசிறியைப் போட்டு, சந்தேஷ் இனிப்புக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

“எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு ஒரு அம்மாவுக்காக ஒரு பாட்டுன்னு ஆரம்பிச்சா, நாளைக்குப் பாடறதுக்காகத்தான் பாடகர் குழுன்னு ஆயிடும். அப்புறம் இத்தன மாசம் நாம பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? ஆளுங்க வருவாங்க, போவாங்க, மாற்றலாவாங்க. தரிசனம் நிக்கும். நாளைக்குக் குழுவுல ஒருத்தர்கூட இல்லேன்னாலும் அது நிக்கும். அதுதான் அதோட அழகு.” பிறகு ஆறுதலாகச் சொன்னார். “அவங்களுக்குச் சால்வை போடறோம். நானே பேசறேன்.”

பேசினார். ஞாயிற்றுக்கிழமை லீதியாள் அக்காவை முன்னால் நிறுத்தி, அவர் சபையின் முக்கியமான மனிதவளம் என்றும், அவர் விட்டுச்செல்லும் காலியிடம் உரிய முறையில் நிரப்பப்படும் என்றும் எபனேசர் அழகாகப் பேசினார். சால்வை போர்த்தப்பட்டது. அக்காவுக்குப் பிடித்த பாட்டைக் கைபேசியில் போட்டார்கள். லீதியாள் அக்கா சால்வையோடு ஸ்பீக்கரைப் பார்த்தபடி நின்றார். ஆல்டோ வரும் இடத்தில் வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் பாடியவர்கள் வேறு சுருதியில் இருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வரும்போது பிரிட்டோவின் கையைப் பிடித்தார். “ஏ தம்பி, நான் செத்தா போயிட்டேன்? போன்ல பாட்டுப் போடுதாவ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிரிட்டோவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவர் கீபோர்டின் மேலிருந்த துணியை இழுத்து எறிந்தார். வடைத் தட்டு உருண்டு சுவர்வரை போய் நின்றது.

“தரிசனமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வண்டி எத்தன மணிக்கு?” என்றார்.

“நாலு மணி வாக்குல” என்றாள் மஹிமா. “எல்லாருக்கும் நான் போன் பண்றேன். நீங்க லீவு சொல்லுங்க.”

திங்கட்கிழமை மத்தியானம் ஹவுராவில் கன்னியாகுமரி வண்டி நின்ற பிளாட்பாரத்தில் ஆராதனைக் குழு முழுவதும் வந்து நின்றது. வங்கிக்காரர் சாப்பாட்டு நேரத்தை நீட்டிக்கொண்டு வந்திருந்தார். ரயில்வேக்காரர் வேலை நேரத்திலேயே வந்திருந்தார். அவருக்கு அது அலுவலகம்தான். லீதியாள் அக்கா பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்து நின்று, இவர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை உள்ளே யாரிடமோ நீட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

பிரிட்டோ கையை உயர்த்தினார். ஒலிபெருக்கி குறுக்கிட்டு, ஏதோ ஒரு வண்டி எங்கிருந்தோ தாமதமாக வருவதை மூன்று மொழிகளில் அறிவித்தது. உயர்த்திய கையோடு காத்திருந்தார். அறிவிப்பு முடிந்ததும் கையை இறக்கினார்.

மூன்று மாதமாகப் பாடாத குரல்கள். அந்தப் பழைய சாயங்காலப் பாட்டின் முதல் அடி கரகரத்துக்கொண்டு எழுந்தது. டெனர் ஒரு பக்கம், ஆண்களின் அடிக்குரலான பாஸ் ஒரு பக்கம். அப்போது வாசலிலிருந்து லீதியாள் அக்காவின் குரல் வந்தது. அந்தப் பெரிய வார்டின் மறு முனைக்கும் கேட்கிற குரல். மற்றவை ஒவ்வொன்றாக அதனிடம் வந்து சேர்ந்தன. ஒரு போர்ட்டர் தலையிலிருந்த பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு நின்றார். டீக்காரர் கெட்டிலை ஆட்டுவதை நிறுத்தினார்.

மத்திய வயது வங்காளி ஒருவர் மேக்னாவிடம் மெதுவாகக் கேட்டார். “கோன் பார்ட்டி?” கொல்கத்தாவில் பத்துப் பேர் சேர்ந்து குரல் எழுப்பினால் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

எந்தக் கட்சியும் இல்லை, எங்கள் மாஷிமா, பெரியம்மா, ஊருக்குப் போகிறார் என்று மேக்னா வங்காளத்தில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, போகாமல், பையை மார்போடு அணைத்தபடி அங்கேயே நின்றார்.

கடைசிச் சரணத்தில் வண்டி நகர்ந்தது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை. ஆல்டோ நகர்ந்து, தூரமாகி, பிளாட்பாரத்தின் வளைவுவரை கேட்டது. அதன்பிறகு மீதி மூன்று குரல்களும்தான் பாட்டை முடித்தன. நடுவில் அவர் தனியாகப் பாட வேண்டிய இடம் வந்தபோது அதை யாரும் நிரப்பவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, மூச்சுப் பிடித்து நின்று, அடுத்த அடியை எடுத்தார்கள். பிரிட்டோ கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கைகாட்ட முடியவில்லை. கைகாட்டாமலே சேர்ந்து முடித்தார்கள்.

பிளாட்பாரத்தில் யாரோ படம் பிடித்திருந்தார்கள். அது அன்று மாலைக்குள் எபனேசரின் கைபேசியைச் சென்றடைந்தது. சனிக்கிழமை அவசரக் கமிட்டி கூடியது. அனுமதி பெறாமல் பாடியது தப்பா, அல்லது தரிசனத்தின் ‘ஒவ்வொரு இல்லத்துக்கும்’ என்ற வாசகத்தில் ரயில் பெட்டியும் அடங்குமா என்று வெகுநேரம் விவாதித்தார்கள். அடங்கும் என்றால் பிரிட்டோவுக்குப் பாராட்டு. அடங்காது என்றால் விளக்கம் கேட்கும் கடிதம். முடிவு கிட்டாமல் ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் மறுபடியும் கூடுவதாகத் தீர்மானித்தார்கள்.

ஞாயிறு காலை கமிட்டி பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூடியிருந்தது. ஆராதனை தொடங்கும் நேரம் ஆயிற்று. கைபேசி எபனேசரிடம் உள்ளே இருந்தது. சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரிட்டோ எழுந்து போய், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த கீபோர்டின் சுவிட்சைப் போட்டார். குழு ஒவ்வொருவராக எழுந்து அவரிடம் வந்தது. ஆரம்பப் பாட்டை எடுத்தார்கள். சபை எழுந்து நின்றது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்த கமிட்டி வெளியே ஓடிவந்தது. எபனேசர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். ஆனால் பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது அவரே போட்ட விதி. உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்திலிருந்தவர் நீட்டிய பாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். வாங்கியபின் பாடாமல் நிற்பது அழகில்லை. பாடினார். அருமையான பாஸ் குரல். இத்தனை வருடமாகக் கூட்டங்களில் மட்டுமே உபயோகப்பட்ட குரல் அது. எங்கே நுழைவது என்று அதற்கே தெரியாமல் ஒரு சரணம் தடுமாறிவிட்டு, இரண்டாம் சரணத்தில் தரை அதிர இறங்கியது.

ஆராதனை முடிந்ததும் எபனேசர் கீபோர்டு பக்கம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“நல்லா இருந்துச்சு, மிஸ்டர் பிரிட்டோ. மறுக்கல.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா இத கமிட்டி மினிட்ஸ் புக்ல எப்படி எழுதறது?”

“பாடினோம்னு எழுதுங்க சார்.”

எபனேசர் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அதில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லாதது அவரை உறுத்தியது.

“சரி. ஆனா அதுக்கும் யாராவது முன்மொழியணுமே?”

“நான் முன்மொழிகிறேன்” என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் போதகர் ஆசீர்வாதத்தினுடையது. அவரும், சொன்னது யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.